சொல்லாமல் விட்ட பன்னிரண்டு நாள்

மாரியின் வளைகாப்பு முடிந்த மூன்றாம் நாள் காலையில், பைண்டிங்கில் வேலை பார்க்கிற அழகுமீனாவிடமிருந்து போன் வந்தது. முத்துப்பேச்சி அப்போது அச்சகத்தில் கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மெஷின் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. வாசலுக்கு வந்து, இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, இன்னைக்கு வேலைக்கு வர முடியாது. பாப்பாவுக்கு அம்மா வந்திருக்கா. நெஞ்செல்லாம் முத்து முத்தா இருக்கு."

"எப்பருந்து?"

"நேத்து காய்ச்சலா இருந்துச்சு. காலைல எந்திரிச்சுப் பாத்தா இப்படி." அழகுமீனா குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, வளைகாப்பு அன்னைக்குப் புள்ள நம்ம மாரி அக்கா மடியிலதான படுத்துக் கெடந்துச்சு."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. நீ புள்ளையப் பாரு" என்று சொல்லி முத்துப்பேச்சி போனை வைத்தாள்.

சிவகாசியில் அந்தச் சின்ன அச்சகம் அவள் தம்பி காளீஸ்வரனுடையது. வெடிப் பெட்டிகளுக்கு ஒட்டுகிற லேபிள்கள் அங்கே அச்சாகும். அச்சான தாளை வெட்டி, கட்டுப் போட்டு, லோடு ஏற்றுகிறவரை எல்லாம் முத்துப்பேச்சியின் பொறுப்பு. அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் அவளைத் தேடி வரவில்லை என்றும் சொல்லலாம், வந்தபோது அவள் வேலையாக இருந்தாள் என்றும் சொல்லலாம். பதினோரு வயதில் வந்த அம்மை நெற்றியிலும் வலது கன்னத்திலும் நாலைந்து பள்ளங்களை விட்டுப் போயிருந்தது. அதைப் பற்றி அவள் பேசியதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

தம்பி பெண்டாட்டி மாரிச்செல்விக்குக் கல்யாணமாகி ஏழாம் வருசம் பிள்ளை தங்கியிருந்தது. மாரிக்குத் தாய் கிடையாது. மல்லாங்கிணற்றில் தகப்பன் கருப்பணன் மட்டும், நாலு ஏக்கர் மானாவாரிக் காட்டையும் இரண்டு மாட்டையும் கட்டிக்கொண்டு இருந்தார். முதல் பிரசவம் பிறந்த வீட்டில் நடக்க வேண்டும் என்று அவர் வண்டி பிடித்து வந்தபோது முத்துப்பேச்சி அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்து, "மாமா, நீங்க மாட்டப் பாப்பீகளா, மகளப் பாப்பீகளா? இவ இங்கனயே இருக்கட்டும். ஒரு குறையும் வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதை மாரி பார்த்திருந்தாள்.

அதற்குப் பிறகு மாரி ஒரு குடத்தைத் தூக்கினாலும் முத்துப்பேச்சி திட்டினாள். மாத்திரையை மறந்தாலும் திட்டினாள். இரண்டு இட்லியோடு எழுந்தாலும் திட்டினாள். "உங்க அக்கா திட்டாத நாள்ல எனக்குச் சாப்பாடு எறங்க மாட்டேங்குது" என்று மாரி புருசனிடம் சொல்வாள். அந்தத் திட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பை முத்துப்பேச்சிதான் முன்னின்று நடத்தினாள். பைண்டிங்கில் வேலை பார்க்கிற பெண்கள் எல்லாரையும் அழைத்தாள். அழகுமீனாவின் நாலு வயது மகள் நேராகப் போய் மாரியின் மடியில் ஏறிக்கொண்டு, வளையல்களை மேலும் கீழும் தள்ளி விளையாடி, அப்படியே தூங்கிப் போயிற்று. எழுப்பப் போன முத்துப்பேச்சியை மாரி தடுத்தாள். "கெடக்கட்டும் மதினி, நல்லா இருக்கு."

இப்போது அந்தப் பிள்ளைக்கு அம்மை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் முத்துப்பேச்சி அன்று வீட்டுக்கு வந்தாள். மாரி கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "மதினி, இன்னைக்கு ஒரே உதை. உள்ள என்ன கபடி ஆடுறானோ ஆடுறாளோ" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் அந்தச் சொல் வாயில் வரவில்லை. மாசமாக இருக்கிறவள் காதில் அந்தப் பேரைச் சொல்வதா? சொன்னால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடாதா? நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தாள். மறுநாள் தம்பி சென்னைக்கு ஆர்டர் பேசப் போயிருந்தான். அதற்கு மறுநாள் மாரி பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து அசந்து படுத்திருந்தாள். இப்படியே நாள் போயிற்று.

சும்மாவும் இருக்கவில்லை. வாசலில் வேப்பிலை கொண்டுவந்து செருகினாள். கேட்டதற்கு, வெயில் காலம், காற்று சுத்தமாகும் என்றாள். இளநீர் வாங்கி வந்து குடிக்க வைத்தாள். காலையில் தலை பின்னிவிடுகிற சாக்கில் மாரியின் கழுத்தையும் முதுகையும் ஒரு இடம் விடாமல் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்றதும் மூச்சு விட்டாள். ஒரு வாரம் போனது. பத்து நாள் போனது. இனி வராது என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

போன் வந்த பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, மாரி குளித்துவிட்டு வந்து சேலையை விலக்கி வயிற்றைக் காட்டினாள். "மதினி, இது வேர்க்குருவா பாருங்க."

தண்ணீர்த் துளி ஒட்டின மாதிரி மூன்று கொப்புளம். சாயங்காலத்துக்குள் அது முப்பதானது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது இடுப்பு வலி எடுத்தது.

விருதுநகரில் வழக்கமாகக் காட்டுகிற ஆஸ்பத்திரியில் முற்பகல் பதினொரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எழுநூறு. அழுகைச் சத்தம் கதவைத் தாண்டி வந்தது. காளீஸ்வரன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். ஆனால் குழந்தையை வெளியே கொண்டுவந்து காட்டவில்லை. துணியில் சுற்றி இன்னொரு வழியாக மாடிக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

சிறிது நேரத்தில் குழந்தை மருத்துவர் ஆர்த்தி அவர்களை அறைக்குள் கூப்பிட்டாள். சின்ன வயசு. ஆனால் பேசும்போது அவசரமில்லை.

"அம்மை பெரியவங்களுக்கு வந்தா பத்து நாள் படுத்து எந்திரிச்சிடுவாங்க. பிறந்த பிள்ளைக்கு அப்படி இல்ல. தாய்க்கு அம்மை வந்தா, அவங்க உடம்பு அதை எதிர்த்து நிக்க ஒரு சக்தியை உண்டாக்கும். அது தொப்புள்கொடி வழியா பிள்ளைக்கும் போகும். அதுக்குக் கொஞ்சம் நாள் வேணும். இவங்களுக்குக் கொப்புளம் வந்து ரெண்டே நாள்ல பிள்ளை பிறந்துட்டா. கிருமி போயிருக்கலாம். அந்தச் சக்தி போயிருக்காது."

"அப்ப எம்புள்ளைக்கு?" என்றான் காளீஸ்வரன்.

"அந்தச் சக்தியை ஊசியாவே கொடுக்கலாம். மதுரையிலருந்து வருது, சாயங்காலத்துக்குள்ள போட்டுருவோம். அதையும் மீறி வரலாம். வந்தா அதுக்கும் மருந்து இருக்கு. பத்து, பதினஞ்சு நாள் கூடவே இருந்து பாக்கணும். அம்மாவோட கொப்புளம் எல்லாம் காய்ஞ்சு பொருக்குத் தட்டுற வரை ரெண்டு பேரையும் தனித்தனியா வைக்கணும். தாய்ப்பால் கொடுக்கலாம். மார்ல கொப்புளம் இல்ல. எடுத்துக் கொண்டுவந்து பாலாடையில புகட்டலாம்."

பிறகு ஒவ்வொருவராகக் கேட்டாள். காளீஸ்வரனுக்கு அம்மை வந்ததில்லை. அக்காவுக்கு வந்தபோது அவன் நாலு வயதுப் பிள்ளை. அவனை அன்றைக்கே எம். புதுப்பட்டிக்கு, அத்தை வீட்டுக்கு, அனுப்பிவிட்டார்கள். "அப்ப நீங்க மூணு வாரத்துக்கு மாடி வார்டுக்குள்ள வரக்கூடாது. உங்களுக்குள்ள இப்பவே இருக்கலாம், தெரியாது. ஒரு ஊசி போட்டுக்கங்க. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாருங்க."

மருத்துவர் முத்துப்பேச்சியின் நெற்றியைப் பார்த்தாள். "உங்களுக்கு வந்திருக்கு."

"பதினோரு வயசுல."

"இந்தத் தழும்புதான் உங்களுக்குப் பாஸ். உங்களுக்கு மறுபடி வர்றது அபூர்வம். கீழ அவங்ககிட்ட பால் வாங்கி, கை கழுவி, உடுப்பு மாத்தி, மேல வந்து புகட்டணும். ரெண்டு பக்கமும் போய்வர உங்களால முடியும். செய்வீங்களா?"

"செய்றேன் டாக்டரம்மா."

"எங்கருந்து தொத்துச்சுன்னு தெரியுமா?"

காளீஸ்வரன் முந்திக்கொண்டான். "பொங்கலுக்குக் கோயிலுக்குப் போனா. அம்புட்டுக் கூட்டம். வேண்டாம்னு சொன்னேன், கேக்கல."

முத்துப்பேச்சி மேசை மேலிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் கருப்பணன் ஒரு மஞ்சள் பை நிறைய வேப்பிலையோடு வந்து சேர்ந்தார். அம்மா இறங்கியிருக்கிற உடம்பில் ஊசி குத்தக்கூடாது என்பது அவர் கட்சி. பேத்திக்கும் ஊசி என்றதும் நேராக மருத்துவரிடம் போய் நின்றார். "தாயி, தெய்வத்தோட மல்லுக்கு நிக்கலாமா?"

மருத்துவர் அவருக்கு நாற்காலி போட்டாள். "வேப்பிலைய மக படுக்கையில தாராளமா வைங்கய்யா. நான் தடுக்கல. பிள்ளைக்கு ஊசி நான் போடுறேன். நீங்களும் தடுக்காதீங்க. உங்க அம்மா கோவிச்சுக்க மாட்டா."

கருப்பணன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "கோவிச்சா?"

"என் பேரைச் சொல்லுங்க."

அவர் எழுந்து வந்து, மகள் அறை வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை முத்துப்பேச்சி மாடியேறினாள். முதல் நாள் பாலாடையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். உள்ளங்கை அளவு கிண்ணம், ஒரு பக்கம் மூக்கு மாதிரி நீண்டிருக்கும். குழந்தையை மடியில் சாய்த்து, கீழுதட்டில் அந்த மூக்கை வைத்து, சொட்டுச் சொட்டாகச் சரிக்க வேண்டும். வேகமாகச் சரித்தால் புரையேறும். மெதுவாகச் சரித்தால் பிள்ளைக்குக் கோபம் வந்து முகம் சிவக்கும். செவிலி அவள் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு முறை காட்டிக் கொடுத்தாள். மூன்றாவது தடவை குழந்தை நாக்கை நீட்டி, சப்புக்கொட்டி, கண்ணை மூடியபடியே முழுவதையும் குடித்துவிட்டு அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. முத்துப்பேச்சி அந்த விரலை எடுக்காமல் கால்மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இருபது வருசமாக அச்சகத்தில் அவள் ஒரு இடத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்ததில்லை.

கீழே வந்ததும் மாரி காத்திருப்பாள். முகமெல்லாம் கொப்புளம், உதடு காய்ந்து வெடித்திருந்தது. முதுகில் படுக்க முடியாமல் ஒருக்களித்துப் படுத்திருப்பாள். ஆனாலும் கேள்வி மேல் கேள்வி.

"குடிச்சாளா?"

"ஒரு சொட்டு விடல."

"யாரு மாதிரி இருக்கா?"

முத்துப்பேச்சிக்கு அலங்காரமாகச் சொல்ல வராது. "மூக்கு உன் மூக்கு. காது அவன் காது. கலர் எதுவும் விலகாம சுத்தமா அச்சு விழுந்திருக்கு."

மாரி சிரித்தாள். சிரித்தால் உதடு வலித்தது. "போட்டோவுல தெரியாத ஏதாவது சொல்லுங்க மதினி."

முத்துப்பேச்சி யோசித்தாள். "கொட்டாவி விட்டுட்டு, தானே பயந்துக்கிடுறா. என்ன சத்தம்னு பாக்குறா."

மாரி அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

காளீஸ்வரன் மாடிக் கண்ணாடிக்கு வெளியே நிற்பான். முத்துப்பேச்சி குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். அவன் கையை ஆட்டுவான். பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். அவன் ஆட்டுவதை நிறுத்த மாட்டான்.

புதன்கிழமை காலை பால் வாங்கப் போனபோது மாரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். தோள் குலுங்கியது.

"என்ன மாரி, வலிக்குதா?"

"நான் பொங்கலுக்குப் போகாம இருந்திருக்கணும் மதினி." குரல் உடைந்து வந்தது. "அவுக வேண்டாம்னுதான சொன்னாக. ஏழு வருசம் கேட்டுக் கேட்டு வாங்குன புள்ள. நல்லபடியாப் பொறக்கணும்னு கும்பிடத்தான் போனேன். கும்பிடப் போய் நானே அவளுக்கு வாங்கிக் குடுத்துட்டேன்."

முத்துப்பேச்சி கையிலிருந்த கிண்ணத்தை மேசையில் வைத்தாள். இந்த மூன்று நாளும் இவள் இதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்பது அவளுக்கு உறைத்தது. தன் பாரத்தை இவள் தலையில் ஏற்றிவிட்டுத் தான் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"உன்னால இல்ல மாரி. அழுகைய நிறுத்து, நான் சொல்றதக் கேளு. வளைகாப்பு அன்னைக்கு உன் மடியில படுத்திருந்துச்சே, அழகுமீனா மக, அதுக்கு மூணாம் நாளே அம்மை. எனக்குப் போன் பண்ணிச் சொன்னா. நான் யாருட்டயும் சொல்லல."

மாரி திரும்பிப் பார்த்தாள்.

"பன்னெண்டு நாள் எனக்குத் தெரியும். சொன்னா உனக்கு வந்துருமோன்னு பயம். அம்புட்டுத்தான் காரணம். வேற ஒண்ணும் இல்ல."

மாரி மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசலில் கருப்பணன் துண்டை உதறுகிற சத்தம் கேட்டது. கடைசியில் அவள், "பால் அங்கன இருக்கு. எடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

முத்துப்பேச்சி பாலைப் புகட்டிவிட்டு நேராக மருத்துவரிடம் போனாள். அவளிடமும் சொன்னாள். மருத்துவர் பூசி மெழுகவில்லை. "அன்னைக்கே வந்திருந்தா உங்க தம்பி மனைவிக்கும் ஊசி போட்டிருக்கலாம். வராம இருந்திருக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா குறைஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு."

"எனக்கு இது வேணும்தான்" என்றாள் முத்துப்பேச்சி.

"உங்களைத் தண்டிக்கிறதுக்காக இதைச் சொல்லல. உங்க கம்பெனியில வேற யாராவது மாசமா இருக்காங்களா? கைக்குழந்தை வச்சிருக்காங்களா? அவங்களுக்கு இப்பவே சொல்லுங்க."

முத்துப்பேச்சி மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகப் போன் செய்தாள். அம்மை என்ற சொல்லை அன்று அவள் ஒன்பது முறை வாய்விட்டுச் சொன்னாள். ஆறாவது பெண், "அக்கா, எம்மவனுக்கும் முந்தாநாள் வந்துச்சு. நீங்க வேலைக்கு வராதன்னு சொல்லிருவீகன்னு சொல்லல" என்றாள். அவள் பக்கத்து வீட்டில் ஆறு மாதக் கர்ப்பிணி இருந்தாள். அன்றே அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்கள்.

தம்பியிடம் சொன்னதுதான் கடினமாக இருந்தது. அவன் கத்தவில்லை. "ஏன்க்கா" என்றான். இன்னொரு முறையும் "ஏன்க்கா" என்றான். பிறகு வெளியே போய்ப் புங்க மரத்தடியில் நின்றான்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மாரி அவளோடு பேசவில்லை. பால் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். முத்துப்பேச்சி எடுத்துக்கொண்டு போவாள். திரும்பி வந்து, கேட்காமலேயே, வாசலில் நின்று சொல்வாள். "முழுக்கக் குடிச்சா." "தொப்புள் காய்ஞ்சிருக்கு." "இன்னைக்கு எடை இருபது கிராம் ஏறியிருக்கு." உள்ளிருந்து பதில் வராது. ஆனால் அவள் சொல்லி முடிக்கும்வரை மாரி மூச்சைப் பிடித்துக் கேட்கிறாள் என்று முத்துப்பேச்சிக்குத் தெரியும். அவள் கைவிசிறி அசைவது நிற்கும்.

கருப்பணன் இரண்டு பேரையும் கவனித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முத்துப்பேச்சிக்கு டீ வாங்கிவந்து நீட்டினார். "குடி தாயி. அவ ஆத்தாவும் இப்படித்தான். கோவம் வந்தா என்கூட ஒரு வாரம் பேச மாட்டா. ஆனா சோத்துல ஒரு நாளும் உப்புக் கொறஞ்சதில்ல."

சனிக்கிழமை காலைப் பாலுக்குக் குழந்தை வாயைத் திறக்கவில்லை. பாலாடையை உதட்டில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. முத்துப்பேச்சி அதைத் தோளில் சாய்த்தாள். கழுத்து கதகதவென்று சுட்டது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காதை மடக்கிப் பார்த்தாள். கடுகளவு, பளபளவென்று, இரண்டு. கழுத்து மடிப்பில் ஒன்று.

அவள் ஒரு நொடி கூட நிற்கவில்லை. குழந்தையோடு செவிலியின் மேசைக்குப் போனாள். "தங்கச்சி, புள்ளைக்கு அம்மை வந்திருச்சு. மூணு. டாக்டரம்மாவக் கூப்பிடு."

பத்து நிமிடத்தில் மருத்துவர் வந்தாள். புறங்கையில் ஊசி ஏற்றி மருந்து தொடங்கினார்கள். அவ்வளவு சின்னக் கையில் நரம்பு எங்கே இருக்கிறது என்று முத்துப்பேச்சிக்குத் தெரியவில்லை. அவர்கள் கண்டுபிடித்தார்கள். "சீக்கிரம் பாத்தீங்க. நல்லது. ஊசி முதல்லயே போட்டதால பெருசா ஏறாதுன்னு நினைக்கிறேன். நுரையீரலுக்குப் போகாமப் பாத்துக்கணும்" என்றாள் மருத்துவர்.

விஷயம் கேட்டு ஓடிவந்த காளீஸ்வரன் படியருகில் அக்காவை மறித்தான். முகம் வெளிறியிருந்தது. "அவகிட்ட இப்ப சொல்ல வேண்டாம்க்கா. அழுது அழுது பால் நின்னு போகும். ரெண்டு நாள் கழிச்சு, கொறைஞ்சதும் சொல்லிக்கலாம்."

முத்துப்பேச்சி தம்பியின் தோளில் கை வைத்தாள். "ஒருக்கா அப்படி நினைச்சுத்தான்லே இங்கன வந்து நிக்கிறோம்."

அவள் கை கழுவி, உடுப்பு மாற்றி, மாரியின் அறைக்குள் போனாள். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மாரி, பாப்பாவுக்கு வந்திருச்சு. இப்பத்தான் பாத்தேன். டாக்டரம்மா மருந்து ஏத்தியாச்சு."

மாரி எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் கொப்புளங்கள் பாதிக்கு மேல் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தன.

"எத்தன?"

"மூணு. காதுக்குப் பின்னால ரெண்டு, கழுத்துல ஒண்ணு."

"காய்ச்சல்?"

"இருக்கு. நூறு."

"பால் குடிச்சாளா?"

"இல்ல. மாட்டேன்னுட்டா."

"ஊசி குத்தும்போது அழுதாளா?"

"அழுதா. நல்லா சத்தமா. நான் கால பிடிச்சுக்கிட்டேன். என்னைய ஒரு உதை விட்டா."

மாரியின் கண்ணில் நீர் இறங்கியது. இரண்டு நாளாகப் பேசாதவள் கை நீட்டி முத்துப்பேச்சியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். வேறு பிடிக்க அங்கே யாரும் இல்லை என்பதற்காகவும் இருக்கலாம். "நீங்க என்னைய ஏமாத்தல. அது எனக்குத் தெரியும். ஆனா தெரிஞ்சிருந்தும் எங்கிட்ட சொல்லலங்கிறதுதான் மதினி முள்ளாக் குத்துது. இனி அவளுக்கு நல்லதோ கெட்டதோ, எது வந்தாலும் மொதல்ல எங்கிட்ட."

"மொதல்ல உங்கிட்ட."

"போய் அவ பக்கத்துல இருங்க. இங்கன நான் இருந்துக்கிடுவேன்."

அடுத்த இரண்டு நாள் எல்லாருக்கும் கஷ்டமான நாள். கொப்புளம் நாற்பது வரை ஏறியது. ஞாயிற்றுக்கிழமை குழந்தை வேகமாக மூச்சு விடத் தொடங்கியதும் மூக்கில் மெல்லிய குழாய் வைத்தார்கள். முத்துப்பேச்சி ஒவ்வொரு மணிக்கும் கீழே இறங்கி வந்து இருந்ததை இருந்தபடி சொன்னாள். மூச்சு எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவு, மருத்துவர் முகம் எப்படி இருந்தது என்பதுவரை. நல்ல செய்தி இல்லாதபோது நல்லதாக மாற்றிச் சொல்லவில்லை. மாரி ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு, பாலை எடுத்துக் கொடுத்தாள். பால் நிற்கவில்லை.

திங்கள்கிழமை காலை மருத்துவர் மாரியின் உடம்பைப் பார்த்தாள். எல்லாம் காய்ந்து பொருக்காகியிருந்தது. புதிதாக ஒன்றும் இல்லை. "இனி உங்களைப் பிரிச்சு வைக்க வேண்டியதில்ல. மாடிக்கு வாங்க" என்றாள்.

மாரிக்குப் படியேறத் தெம்பில்லை. ஒரு பக்கம் தகப்பன் பிடித்துக்கொண்டார், ஒரு பக்கம் முத்துப்பேச்சி. வார்டு வாசலில் கருப்பணன் நின்றுகொண்டார். உள்ளே, குழாயும் பஞ்சுமாக, பொரிப்பொரியாகக் கிடந்த மகளை மாரி முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தாள். பிறந்து எட்டு நாள் ஆகியிருந்தது. தூக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தூக்கு" என்றாள் முத்துப்பேச்சி. "ஒண்ணும் செய்யாது. தலைக்கடியில கையக் குடு. அந்தக் குழாய நான் பிடிச்சுக்கிறேன்."

மார்பில் போட்டதும் குழந்தை முகத்தை இப்படியும் அப்படியும் தேய்த்து, பிடித்துக்கொண்டது. எட்டு நாள் கிண்ணத்தில் குடித்ததற்கு இது பழக்கமில்லை. விட்டது, அழுதது, மறுபடி பிடித்தது. மாரி சத்தம் காட்டாமல் அழுதாள். கண்ணாடிக்கு வெளியே காளீஸ்வரன் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

அன்று மாலைக்குள் மூச்சு சீரானது. மறுநாள் மூக்குக் குழாயை எடுத்தார்கள். மருந்து பத்து நாள் முழுக்க ஓடியது. கொப்புளங்கள் ஒவ்வொன்றாக வற்றின. மருத்துவர் கண்ணைச் சோதித்தாள், நெஞ்சைச் சோதித்தாள், எடை போட்டாள். மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. "போய்ட்டு வாங்க. மாசம் ஒருதடவை கொண்டுவந்து காட்டுங்க. முத்தம் கொடுக்க வர்றவங்களை மூணு மாசத்துக்குத் தள்ளி நிறுத்துங்க. யாருக்குச் சளி, யாருக்குக் காய்ச்சல்னு வாசல்லயே கேளுங்க."

"நான் கேக்கேன்" என்றாள் முத்துப்பேச்சி. அந்தக் குரலைக் கேட்டால் காய்ச்சல் இல்லாதவனும் திரும்பிப் போய்விடுவான். மருத்துவர் சிரித்தாள்.

காளீஸ்வரனுக்குக் கடைசிவரை அம்மை வரவில்லை. ஆனாலும் மூன்று வாரக் கணக்கு முடியும் முன் அவன் காற்று பிள்ளை மேல் படக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டதால், முன்னால் வாடகை வண்டி போக, அவன் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்தான். கருப்பணன் வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து, மேடு பள்ளத்துக்கெல்லாம் டிரைவரை அதட்டிக்கொண்டு வந்தார்.

ஆமத்தூர் தாண்டியதும் மாரி கண்ணைக் கசக்கினாள். பதினெட்டு நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை.

"மதினி."

"என்ன?"

"எனக்கு இன்னும் கொஞ்சம் கோவம் இருக்கு."

"இருக்கட்டும். இருக்கத்தான் செய்யும்."

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும். புள்ளையப் பிடிங்க, எனக்குத் தூக்கம் வருது."

துணியோடு சேர்த்துக் குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு, மாரி அவள் தோளிலேயே சாய்ந்தாள். திருத்தங்கல் வருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள். குழந்தை விழித்திருந்தது. அதன் நெற்றியில், புருவத்துக்கு மேலே, ஒரு பொருக்கு மட்டும் இன்னும் உதிராமல் இருந்தது. முத்துப்பேச்சி அதைத் தொடவில்லை. கை அதைச் சொறிந்துவிடாமல், அந்தச் சின்ன விரல்களை மட்டும் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.